விழாதவளின் வீழ்ச்சி

தையல்காரர் ஐஸ் அரங்கத்துக்குப் போனது ஒரே ஒரு வாக்கியம் சொல்வதற்காகத்தான். "அந்த மணி என்னோடது இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் பதினொன்றரை மணி பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு, கடை ஷட்டரைக்கூட முழுசாக இறக்காமல் வந்திருந்தார்.

விஷயம் இதுதான். முந்தின நாள் அவருடைய அக்கா மகள் ஃபிகர் ஸ்கேட்டிங் தேர்வுப் போட்டியில் ஆடினாள். பதினாறு வயது. வீட்டில் எல்லோரும் சின்னு என்று கூப்பிடுவார்கள். பெண்கள் தனிநபர் பிரிவில் முதல் மூன்று பேரை வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்புவார்கள். சின்னு நான்காவதாக வந்தாள். மூன்றாவதாக வந்தவளுக்கும் இவளுக்கும் வித்தியாசம் ஒரு புள்ளியில் பாதிகூட இல்லை. ஆனால் இவளுடைய மதிப்பெண் தாளின் அடியில் ஒரு வரி இருந்தது: "கழிவு, ஒரு புள்ளி. காரணம், உடையின் பகுதி பனியில் விழுந்தது. பொருள், வெளிர்நீல மணி ஒன்று."

சின்னு உடையைக் கொண்டுவந்து மாமாவின் மேஜைமேல் போட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தையல்காரருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "எண்ணிப் பாருங்க மாமா" என்றாள். அவர் எண்ணினார். முந்நூற்றுப் பன்னிரண்டு மணிகள். தைத்தது முந்நூற்றுப் பன்னிரண்டு. அத்தனையும் வெள்ளை. அந்த உடையில் நீலம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே அவர் போனார்.

கூட்டமைப்பின் கௌரவச் செயலாளர் அறை அரங்கத்தின் முதல் மாடியில் இருந்தது. ஜன்னலுக்குக் கனமான திரை. கீழே இருக்கும் பனித்தளம் தெரியாதபடி அது எப்போதும் மூடியே இருந்தது. செயலாளர் கருநீலக் கோட்டு போட்டிருந்தார். மார்புப் பக்கத்தில் கூட்டமைப்பின் பனிப்பூச் சின்னம் மணி வேலைப்பாட்டோடு மின்னியது. தையல்காரர் தம் வாக்கியத்தைச் சொன்னார்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க இப்பச் சொன்னது ஆட்சேபணையா, முறையீடா, தகவலா?"

"சும்மா சொல்லிட்டுப் போலாம்னு வந்தேங்க."

"சும்மாங்கறதுக்கு எங்ககிட்ட படிவம் இல்லையே." செயலாளர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "ஆட்சேபணைன்னா முடிவு வந்த அரை மணி நேரத்துக்குள்ள குடுத்திருக்கணும். முறையீடுன்னா சங்கம் மூலமா வரணும். தகவல்னா சாட்சிதான் குடுக்க முடியும். நீங்க வாயைத் திறந்துட்டீங்க. ஆகவே நீங்க சாட்சி."

"சரிங்க. சாட்சி சொல்லியாச்சு. நான் கிளம்பட்டுமா?"

"கிளம்பறதா?" செயலாளர் சிரித்தார். "சாட்சி ஆனவர் போட்டித் தொடர் முடியற வரைக்கும் போட்டியாளரோட ஒரே கூரைக்குக் கீழ இருக்கக் கூடாது. அந்தப் பொண்ணு எங்க இருக்கா?"

"அக்கா குடும்பம் எங்க வீட்டு மாடியிலதாங்க."

"அப்ப உங்களுக்கு வீடு கிடையாது. இன்னும் மூணு நாள். சாட்சிகள் அறை கீழ இருக்கு. போர்வை குடுப்பாங்க."

தையல்காரர் எழுந்து நின்றார். பள்ளிச் சீருடை ஐம்பது ஜோடி வெட்டி வைத்தது வெட்டினபடியே கிடப்பதைச் சொன்னார். ஷட்டர் பாதி திறந்து கிடப்பதைச் சொன்னார். செயலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எழுந்துவந்து அவர் தோளில் கை வைத்தார்.

"இந்த விளையாட்டுல அழகு இருக்கு. கலை இருக்கு. சின்னப் பசங்களோட கண்ணீர் இருக்கு. அதையெல்லாம் ஒதுக்கித் தள்ளிட்டுத்தான் நாங்க மார்க் போடறோம். நீங்க சீருடையைப் பத்திப் பேசறீங்க!"

வாசலில் ஒருவர் அவர் கழுத்தில் அட்டையை மாட்டினார். "சாட்சி (உடை)" என்று இருந்தது. செல்போனை வாங்கிக்கொண்டார். அக்காவுக்கு ஒரே ஒரு தகவல் அனுப்ப அனுமதித்தார்கள். அதிலும் போட்டி சம்பந்தமாக எதுவும் இருக்கக் கூடாது. "ஷட்டர்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார் தையல்காரர்.

சாட்சிகள் அறையில் ஒரு பெஞ்சு, ஒரு மின்விசிறி, பனித்தளத்தைப் பார்த்தபடி ஒரு கண்ணாடிச் சுவர். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்துவதற்குச் சுவிட்ச் இல்லை. பெஞ்சில் ஏற்கெனவே ஒருத்தர் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். பனியைச் செதுக்கிச் சமப்படுத்தும் ஐஸ் வண்டியை ஓட்டுபவர் அவர்தான். மணியைப் பொறுக்கியதும் அவர்தான்.

"உங்களையும் பிடிச்சுட்டாங்களா?" என்றார் வண்டிக்காரர். "கீழ கிடந்துச்சு, எடுத்துக் குடுத்தேன். அதான் நான் பண்ணின தப்பு. ஒவ்வொரு பிரிவு முடிஞ்சதும் வெளிய விடுவாங்க. பத்து நிமிஷம் வண்டி ஓட்டிட்டுத் திரும்ப வந்து உக்காரணும்."

"எப்ப விடுவாங்க?"

"போன வருஷம் ஒருத்தர் இருந்தார். பாட்டு போடறவர். ஒரு தடவை பாட்டு ரெண்டு நொடி முன்னாடி ஆரம்பிச்சுடுச்சு. அதுக்குச் சாட்சி." வண்டிக்காரர் கடலைத் தோலை ஊதினார். "நல்ல மனுஷன். இப்ப அவரே கூட்டமைப்புல துணைக் குழுத் தலைவர். இங்க இருந்து வெளிய போறதுக்கு அது ஒண்ணுதான் வழின்னு கண்டுபிடிச்சுட்டார்."

மதியம் கட்டுப்பாட்டாளர் வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. தலைமுடியை இழுத்துக் கட்டியிருந்தார். ஒவ்வொரு ஆட்டத்திலும் என்ன குதித்தார்கள், எத்தனை சுற்று சுற்றினார்கள், எங்கே விழுந்தார்கள் என்று இறுதியாகச் சொல்லும் அதிகாரம் அவருடையது. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரிக்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. சிரிக்கலாம் என்றும் இல்லை. அதுதான் காரணம் என்றார் வண்டிக்காரர்.

கட்டுப்பாட்டாளர் தலையணை கனத்துக்கு ஒரு விதிப்புத்தகத்தைப் பெஞ்சில் வைத்தார். "அந்த மணி எந்தப் பிரிவுல இருந்து வேணா வந்திருக்கலாம். ஒரே பனியிலதான் எல்லாரும் ஆடறாங்க. தனிநபர், ஜோடி, ஐஸ் நடனம், கூட்டு ஆட்டம். நாலும் தெரியாத சாட்சியோட சாட்சியம் செல்லாது. மூணாவது நாள் காலைல தேர்வு. தவறினா அடுத்த வருஷம்தான் தேர்வு."

"அதுவரைக்கும்?"

"இங்கதான்."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். தையல்காரர் புத்தகத்தைத் திறந்தார். முதல் பக்கத்தில், இந்தப் புத்தகத்தை எப்படித் திறப்பது என்று போட்டிருந்தது.

சின்னு ஏழு வருஷமாக ஸ்கேட்டிங் போகிறாள். ஏழு வருஷமாக அவர்தான் உடை தைக்கிறார். ஆனால் ஒருநாள்கூட அவருக்கு அந்த ஆட்டம் புரிந்ததில்லை. அவள் சுற்றுவாள், குதிப்பாள், இவர் அக்குள் தையல் பிரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். விழாமல் இருந்தால் நல்லது, விழுந்தால் கெட்டது, அவ்வளவுதான் அவர் அறிவு.

"அதுவே போதும்னு நினைச்சேன்" என்றார் வண்டிக்காரரிடம்.

"விழாம இருந்தா மட்டும் போதாதுங்க. விழுந்தாலும் முழுசாச் சுத்திட்டு விழணும். முழுசாச் சுத்தி விழுந்தவனுக்கு, அரைகுறையாச் சுத்தி நின்னவனைவிட மார்க் கூட வரலாம்."

தையல்காரருக்கு அன்று முழுக்க அந்த ஒரு வாக்கியமே ஜீரணமாகவில்லை.

மறுநாள் காலை ஜோடிப் பிரிவு. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒரு வாலிபன் ஒரு பெண்ணை ஒற்றைக் கையால் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு பனியில் பறந்தான். தையல்காரர் எழுந்தே நின்றுவிட்டார். இறக்கிய கையோடு அவளைத் தூக்கி எறிந்தான். அவள் காற்றில் மூன்று சுற்றுச் சுற்றிப் போய் ஒற்றைக் காலில் இறங்கினாள்.

"எறிஞ்சுட்டானே!"

"எறியறதுதான் பாடம். எறியலைன்னா மார்க் இல்ல."

பிற்பகலில் ஐஸ் நடனம். இங்கேயும் ஜோடிதான். ஆனால் தூக்குகிறவன் கை அவன் தலைக்கு மேலே போகக் கூடாது. எறியக் கூடாது. பெரிய குதிப்பும் கிடையாது. தாளத்தோடு காலடி ஒட்ட வேண்டும், ஷூவுக்கு அடியிலுள்ள பிளேடின் விளிம்பு பனியில் ஆழமாகப் பதிய வேண்டும். ரொம்ப தூரம் விலகிப் போகக் கூடாது, விலகினாலும் சீக்கிரம் சேர்ந்துவிட வேண்டும்.

"என்னங்க இது, குடும்பம் நடத்தற மாதிரி இருக்கு" என்றார் தையல்காரர்.

"அதான் இதுக்கு நடுவர்கள் அதிகம் சண்டை போட்டுக்கறாங்க" என்றார் வண்டிக்காரர்.

மாலையில் கூட்டு ஆட்டம். பதினாறு பெண்கள் ஒரே உடையில் கைகோர்த்துச் சக்கரமாகச் சுற்றினார்கள். ஒருத்தி தடுக்கினாள். பதினைந்து பேர் சிரித்த முகத்தோடே அவளை இழுத்துக்கொண்டு போனார்கள். தையல்காரருக்கு அந்தப் பதினாறு உடைகளின் அளவும் ஒரே மாதிரி தைக்கப்பட்டிருப்பது எரிச்சலூட்டியது. அந்தத் தடுக்கியவளுக்குத் தோள் அரை அங்குலம் இறுக்கம். யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் தனிநபர் பிரிவின் குதிப்புகள்தான் அவரைத் திணறடித்தன. ஆறு வகை. புத்தகத்தில் படம் இருந்தது. படத்தில் ஆறும் ஒன்றாகவே இருந்தன.

வண்டிக்காரர் சொல்லிக் கொடுத்தார். "முகத்தை முன்னாடி பார்த்துக் கிளம்பினா அது ஆக்ஸல். அது ஒண்ணுதான் அப்படி. அதனால அரைச் சுத்து கூடுதல். மத்த அஞ்சும் முதுகுப் பக்கமாப் போய்க் கிளம்பறது. அதுலயும் ஃபிளிப், லட்ஸ்னு ரெண்டு இருக்கு பாருங்க, ரெண்டும் பார்க்க ஒண்ணுதான். ரெண்டுலயும் ஒரு கால் முனையால பனியைக் குத்திக் கிளம்பணும். நிக்கிற காலோட பிளேடு உள்பக்கம் சாஞ்சிருந்தா ஃபிளிப். வெளிப்பக்கம் சாஞ்சிருந்தா லட்ஸ்."

"ஒரு பிளேடுக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் இருக்கா?"

"நடுவுல குழிவா இருக்கும். ரெண்டு ஓரமும் ரெண்டு எட்ஜ்."

தையல்காரர் பையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்தார். எப்போதும் ஒன்று வைத்திருப்பார். அதை மடித்தார். இந்தப் பக்கம் இழுத்தால் உள்மடிப்பு, அந்தப் பக்கம் இழுத்தால் வெளிமடிப்பு. விரலால் வளைவு போட்டுப் பார்த்தார். லட்ஸில் கால் ஒரு பக்கம் வளைந்து போகிறது. உடம்பு அதற்கு எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டியிருக்கிறது. துணியை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே எதிர்ப்பக்கம் முறுக்குவது மாதிரி. விட்டால் தானாகவே இந்தப் பக்கம் சாய்ந்துகொள்ளும்.

"அப்ப கடைசி நொடியில கால் தானா உள்பக்கம் சாஞ்சுடாதா?"

வண்டிக்காரர் கடலை உரிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். "பாதிப் பேருக்கு அதான் நடக்குது."

மூன்றாவது நாள் காலைத் தேர்வில் கட்டுப்பாட்டாளர் பதினெட்டு கேள்விகள் கேட்டார். பதினேழுக்குத் தையல்காரர் சரியாகச் சொன்னார். பதினெட்டாவது கேள்வி, இந்தத் தேர்வு நியாயமானது என்று ஒப்புக்கொள்கிறீரா என்பது. அதற்கு அவர் கொஞ்சம் யோசித்தார். யோசித்ததற்காக அரை மதிப்பெண் குறைத்துத் தேர்ச்சி என்று எழுதினார் கட்டுப்பாட்டாளர்.

பத்து மணிக்கு விசாரணை. நீள மேஜையின் தலைப்பக்கத்தில் செயலாளர். ஒரு பக்கம் கட்டுப்பாட்டாளர், எதிர்ப்பக்கம் இரண்டு சாட்சிகள். மூன்று பூட்டுப் போட்ட பெட்டியைத் திறந்தார்கள். அதற்குள் ஒரு உறை. உறைக்குள் ஒரு டப்பா. டப்பாவுக்குள் பஞ்சு. பஞ்சில் ஒரு வெளிர்நீல மணி.

தையல்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மணியின் துளையில் நூல் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"நான் பருத்தி நூல்ல மெழுகு தடவி, ரெட்டையாக் கோத்துக் கையால தைப்பேங்க. இது நைலான். மெஷின் எம்பிராய்டரி. பின்னாடி பசை வேற வச்சிருக்காங்க. பசை காஞ்சதும் நூல் மொறமொறன்னு ஆகி அறுந்துடும்." சொல்லிக்கொண்டே தலையைத் தூக்கினவர் எதிரே செயலாளரின் மார்பைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

பனிப்பூச் சின்னத்துக்கு ஆறு இதழ். ஒவ்வோர் இதழின் நுனியிலும் ஒரு வெளிர்நீல மணி. ஐந்து இருந்தன. ஆறாவது இடத்தில் ஒரு நூல் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது.

"ஐயா," என்றார் தையல்காரர், "கோட்டைக் கழட்டிக் குடுத்தீங்கன்னா நானே தைச்சுத் தந்துடறேன்."

வண்டிக்காரர் இருமினார்.

"பொண்ணுங்க போட்டிக்கு முன்னாடி ஐயா பனி மேல கம்பளம் விரிச்சு நடுவுல நின்னு நாப்பது நிமிஷம் வரவேற்புரை பேசினாரே" என்றார். "அப்பப்ப மார்ல தட்டிக்கிட்டார்."

கட்டுப்பாட்டாளர் மணியை எடுத்துச் சின்னத்தருகே பிடித்துப் பார்த்தார். "பொருந்துது" என்றார். "உடைக் கழிவு செல்லாது."

தையல்காரர் சாமான்களை எடுத்துக்கொள்ளத் திரும்பினார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று நினைத்தார்.

செயலாளர் கொஞ்சமும் அசரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"எனக்கு ரொம்பச் சந்தோஷம். உண்மை வெளிய வந்துடுச்சு. உண்மைக்கு நாங்க என்னைக்குமே எதிரி இல்ல. ஆனா ஒண்ணு. அந்தத் தாள்ல ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டாச்சு. ஒரு புள்ளி கழிச்சாச்சு. அதைத் திரும்பக் குடுத்தா ஒன்பது பேரும் தப்புப் பண்ணினதா ஆயிடும். கூட்டமைப்பு தப்புப் பண்ணாது. தப்புப் பண்றவங்களைக் கண்டுபிடிக்கத்தான் கூட்டமைப்பே இருக்கு. அதனால, கழிவு சரி. காரணம் மட்டும்தான் தப்பு." அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "வேற எதுக்கெல்லாம் ஒரு புள்ளி கழிக்கலாம்? இதோ. வீழ்ச்சி. ஒரு வீழ்ச்சிக்கு ஒரு புள்ளி. பொருத்தமா இருக்கு. அந்தப் பொண்ணு விழுந்தான்னு திருத்திடலாம்."

"அவ விழலைங்க!"

"நான் பார்க்கலையே. இருபத்திரண்டு வருஷமாச் செயலாளரா இருக்கேன். ஒரு தடவைகூடப் பனியைப் பார்த்து முடிவு எடுத்ததில்ல. பார்த்தா பாரபட்சம் வந்துடும்."

திருத்தப் படிவம் வந்தது. "மேற்படி போட்டியாளர் விழுந்தார் என்பதை நான் அறிவேன்" என்று அச்சடித்திருந்தது. கீழே சாட்சி கையெழுத்துக்கு ஒரு கோடு. பேனாவைத் தையல்காரர் கையில் கொடுத்தார்கள்.

"போட்டுட்டீங்கன்னா இப்பவே வாசல். போடலைன்னா வழக்கு அடுத்த வருஷத் தொடருக்குத் தள்ளிப் போகும். சாட்சி அதுவரைக்கும் சாட்சிதான். நீங்க நல்லவரு, யோசிச்சுச் செய்யுங்க" என்றார் செயலாளர் அன்பாக.

தையல்காரர் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு இரவு பெஞ்சில் படுத்த முதுகு வலித்தது. பள்ளி திறக்க நான்கு நாள்தான் இருந்தது. ஐம்பது ஜோடிச் சீருடை. சட்டை இல்லாமல் ஐம்பது பிள்ளைகள் வரிசையில் நிற்பது போலத் தோன்றியது. பிறகு மேஜைமேல் உடையைப் போட்டுவிட்டு அழாமல் நின்ற அந்த முகம் தோன்றியது. இந்தக் கோட்டில் தம் பெயரை எழுதினால் அவளை எதிரில் பார்த்து இனி அளவு எடுக்க முடியாது என்று பட்டது.

எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. ஆகவே மனசில் பட்டதைக் கேட்டார். "அவ விழுந்தது எனக்குத் தெரியும்னு நான் எழுதணும்னா, அவ விழறதை நான் பாக்கணும் இல்லீங்களா?"

கட்டுப்பாட்டாளர் நிமிர்ந்தார். "நியாயம். பார்க்காத சாட்சி செல்லாது. பெண்கள் தனிநபர் பிரிவைத் திரும்பத் திறக்கணும். போட்டியாளர் வந்து வீழ்ச்சியைச் செஞ்சு காட்டணும். விதி இடம் குடுக்குது."

மதியம் இரண்டு மணிக்குச் சின்னுவை வரவழைத்தார்கள். பயிற்சி உடையோடு வந்தாள். மாமாவைப் பார்த்ததும் ஓடிவரப் போனாள். சாட்சியும் போட்டியாளரும் நேரடியாகப் பேசக் கூடாது என்று நடுவில் கட்டுப்பாட்டாளரை நிறுத்தினார்கள்.

"சாட்சி உன்னைச் சாப்பிட்டியான்னு கேக்கறார்" என்றார் கட்டுப்பாட்டாளர், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

"சாப்பிட்டேன். மாமா இளைச்சுட்டார்னு சொல்லுங்க. ஷட்டரை அம்மா அன்னைக்கே பூட்டிட்டாங்கன்னும் சொல்லுங்க."

செயலாளர் குறுக்கே வந்தார். "பாப்பா, ஒண்ணும் இல்ல. உன் ஆட்டத்தை ஆடு. நடுவுல எங்கயாவது ஒரு தடவை விழுந்துடு. மெதுவா, அடிபடாம. கோப்பு முடிஞ்சுடும், உங்க மாமா வீட்டுக்குப் போவார். அடுத்த வருஷம் உன்னைக் கவனிச்சுக்கறோம்."

சின்னு செயலாளரைப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் கண்ணி என்பது தையல்காரருக்குத் தெரிந்தது. விழுந்தால் மாமாவுக்கு விடுதலை, அவளுக்கு நான்காம் இடம். விழாவிட்டால் மாமாவுக்குப் பெஞ்சு. வாயைத் திறக்க அவருக்கு அனுமதி இல்லை. தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று.

"ஏழு வருஷமா தினம் காலைல இதே பனியில விழுந்து எழுந்துதான் சார் விழாம ஆடக் கத்துக்கிட்டேன்" என்றாள் சின்னு. "ஆடறேன். விழறது வந்தா வரட்டும்."

பாட்டு போட்டார்கள்.

இப்போதுதான் தையல்காரர் முதல்முறையாக அவள் ஆடுவதைப் பார்த்தார். தையலைப் பார்க்கவில்லை. அவள் முன்பக்கம் பார்த்து ஓடி, ஒற்றைக் காலில் உந்திக் கிளம்பி, இரண்டரைச் சுற்றுச் சுற்றி முதுகுப் பக்கமாக இறங்கினாள். ஆக்ஸல் என்று அவர் உதடு தானாக முணுமுணுத்தது. பனியில் அவள் போட்ட வளைவுகள், ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து போகிற விதம், உள்விளிம்பு, வெளிவிளிம்பு, மறுபடி உள்விளிம்பு. பனிமேல் வெட்டுக்கோடு போடுகிற மாதிரி இருந்தது. ஒரு கோடுகூடத் தடுமாறவில்லை. ஏழு வருஷமாக இந்தப் பிள்ளை இதைத்தான் செய்துகொண்டிருந்தாளா என்று நினைத்துக்கொண்டார். மூக்கைச் சிந்தினார். சாட்சி மூக்கைச் சிந்தியது இரண்டு மணி ஏழு நிமிடத்துக்குப் பதிவானது.

செயலாளர் பனியின் ஓரத்தில் படிவத்தை வைத்துக்கொண்டு நின்றார். முதல் குதிப்பு, விழவில்லை. இரண்டாவது, விழவில்லை. சுழற்சி, அதிலும் விழவில்லை. "விழு பாப்பா" என்றார். பிறகு "விழும்மா" என்றார். கடைசி அரை நிமிடத்தில் கெஞ்சினார். சின்னு லட்ஸ் குதித்து ஒற்றைக் காலில் இறங்கினாள்.

"இவளுக்கு விழவே தெரியல!" செயலாளருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே தடுப்புக் கதவைத் திறந்தார். "இதோ, இந்த இடத்துல, இப்படிக் காலை வச்சு..." என்று தோல் ஷூவோடு பனியில் இறங்கினார்.

இரண்டு அடி எடுத்து வைத்தார். மூன்றாவது அடி அவரை எடுத்து வைத்தது. கால்கள் இரண்டும் மேலே போயின. பின்பக்கமாக உட்கார்ந்து, உட்கார்ந்த வாக்கிலேயே சுற்றிக்கொண்டு போய் எதிர்த் தடுப்பில் முட்டி நின்றார். படிவம் தனியாகப் போயிற்று. பாட்டு முடிந்தது.

கட்டுப்பாட்டாளர் மைக்கை இழுத்தார்.

"வீழ்ச்சி" என்றார். "ஒன்று."

"அம்மா, நான் போட்டியாளர் இல்ல!" செயலாளர் பனியில் உட்கார்ந்தபடியே கத்தினார்.

"போட்டி திறந்திருக்கறப்ப பாட்டு நேரத்துல பனியில போட்டியாளர் மட்டும்தான் இறங்கலாம். நீங்க இறங்கியிருக்கீங்க. ஆகவே நீங்க போட்டியாளர்."

"நான் விழல. உக்காந்தேன்!"

கட்டுப்பாட்டாளர் புத்தகத்தைப் புரட்டி வாசித்தார். "உடல் எடையின் பெரும்பகுதி, பிளேடு அல்லாத வேறு உறுப்பின்மேல் தாங்கப்பட்டால் அது வீழ்ச்சி. உங்ககிட்ட பிளேடே இல்ல. பார்க்கப் போனா நீங்க இறங்கின நொடியில இருந்தே விழுந்துகிட்டுத்தான் இருக்கீங்க. கருணை அடிப்படையில ஒண்ணுன்னு மட்டும் எழுதிக்கறேன்." அவர் தையல்காரர் பக்கம் திரும்பினார். "சாட்சி பார்த்தீங்களா?"

"பார்த்தேங்க" என்றார் தையல்காரர். "நல்லாவே பார்த்தேன்."

"கோப்புல ஒரு கழிவு இருக்கு. அதுக்கு ஒரு வீழ்ச்சி தேவைப்பட்டது. வீழ்ச்சி கிடைச்சாச்சு. விழுந்தவர் பேர்ல எழுதிட்டா கழிவும் நிக்கும், கையெழுத்தும் நிக்கும்."

அப்படித்தான் எழுதினார்கள். நாலு மணிக்குத் திருத்திய முடிவுப் பட்டியலை ஒட்டினார்கள். பெண்கள் தனிநபர் பிரிவு. மூன்றாம் இடத்தில் சின்னு. இருபத்து நான்காம் இடத்தில், கடைசியாக, கௌரவச் செயலாளர், மொத்தப் புள்ளி கழித்தல் ஒன்று. செயலாளர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து பட்டியலை வெகுநேரம் பார்த்தார். எல்லோரும் அவர் கத்தப் போகிறார் என்று எதிர்பார்த்தார்கள்.

"பங்கேற்புச் சான்றிதழ் எனக்கு எப்பக் கிடைக்கும்?" என்று கேட்டார்.

நாலரை மணி பஸ்ஸில் மாமாவும் மருமகளும் கடைசி இருக்கையில் உட்கார்ந்தார்கள். சின்னு அம்மாவுக்குப் போன் பண்ணி மூன்றாம் இடம், மூன்றாம் இடம் என்று நான்கு தடவை சொன்னாள். அந்தப்பக்கம் அக்கா அழுவது தையல்காரருக்குக் கேட்டது. போனை வைத்துவிட்டு அவள் மாமாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"இன்னைக்குத்தானே மாமா நீங்க ஒழுங்கா உக்காந்து பார்த்தீங்க. எப்படி இருந்துச்சு? உண்மையைச் சொல்லுங்க."

தையல்காரர் நிறையச் சொல்ல நினைத்தார். மூக்கைச் சிந்தியதைச் சொல்ல நினைத்தார். வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது.

"எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. அந்த லட்ஸ் இருக்கே, அதுல மட்டும், கிளம்பற நேரத்துல பிளேடு லேசா உள்பக்கம் சாஞ்சுடுச்சு."

சின்னு தோளிலிருந்து தலையை எடுத்தாள்.

"மாமா. நான் மூணாவது வந்திருக்கேன்."

"அதான் சொல்றேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் தையல்காரர். மூன்றாவது நிறுத்தத்தில் பஸ் நின்றபோது, ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எவ்வளவு நேரம் சாஞ்சிருந்துச்சு?"

"கண்ணை மூடித் திறக்கற நேரம்தான்."

"கோச்சுகூடப் பார்க்கல அதை." பெருமூச்சு விட்டாள். "வெளிநாட்டுல பார்த்துடுவாங்க. நாளைல இருந்து காலைல அஞ்சரைக்கு நீங்களும் வாங்க. ஓரமா நின்னு அதை மட்டும் பாருங்க. நான் வெளிநாடு கிளம்பற வரைக்கும், தினம்."

"தினமா? சீருடை ஐம்பது ஜோடி..."

சின்னு திரும்பி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஆட்சேபணைக்கோ முறையீட்டுக்கோ இடமே இல்லை.

"சரிம்மா" என்றார் தையல்காரர்.